கொட்டை உடைத்த கைகள்: பீக்கன் மரம் சொல்லும் கதை



புளி தட்டுறது, கடலை உடைக்கிறது, முந்திரிக் கொட்டை உடைக்கிறது, பீடி சுத்துறது என்று கிலோ கணக்கிலும் ஆயிரம் கணக்கிலும் கூலி வாங்குகிற சகோதரிகள் நம் குழுக்களில் நிறைய பேர் இருக்கிறீர்கள். நாள் சம்பளம் கிடையாது. கை எவ்வளவு வேகமாக ஓடுதோ அவ்வளவுதான் காசு. இந்த இதழில் நாம் பார்க்கப் போகும் மரம் நம் ஊர் மரம் இல்லை, அமெரிக்கா நாட்டு மரம். ஆனால் அந்த மரத்துக் கொட்டையை உடைத்த பெண்களின் கதையைக் கேட்டால், "அட, இது நம்ம கதை மாதிரியே இருக்கே" என்று உங்களுக்குத் தோன்றும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் மற்றவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அது என்ன மரம்?

அக்ரூட் என்கிற வால்நட் கொட்டையைக் கடையில் பார்த்திருப்பீர்கள். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த அக்ரூட் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மர வகைதான் ஹிக்கரி. தாவரம் படித்தவர்கள் இந்த இனத்தை 'கார்யா' என்று சொல்வார்கள். இதில் இருபதுக்குச் சற்றுக் குறைவான மரங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வட அமெரிக்காவில் வளர்கின்றன. சில வகைகள் சீனா, வியட்நாம் பக்கம் இருக்கின்றன.

இலையைப் பார்த்தால் வேப்பிலை மாதிரி, ஒரு காம்பில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கும். ஆண் பூ, பெண் பூ இரண்டும் ஒரே மரத்தில்தான் பூக்கும். ஆண் பூ சரம் சரமாகத் தொங்கும். காற்றடித்துத்தான் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேரும். காய் முற்றினதும் மேலே இருக்கும் பச்சைத் தோல் நாலாக வெடித்து உள்ளே இருக்கும் கொட்டை கீழே விழும். மாமரம் மாதிரி இதுவும் ஒரு வருஷம் நிறையக் காய்க்கும், அடுத்த வருஷம் குறைந்து போகும்.

ஹிக்கரி மரக்கட்டை ரொம்ப உறுதியானது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அதிர்ச்சியைத் தாங்கும். அதனால் கோடாலிக்கும் சுத்தியலுக்கும் அங்கே ஹிக்கரிக் கட்டையில்தான் கைப்பிடி போடுவார்கள். ஆனால் பெரும்பாலான ஹிக்கரிக் கொட்டைக்கு ஓடு தடிமன், பருப்பு கொஞ்சம். ஒரே ஒரு வகைக்குத்தான் ஓடு மெலிசு, பருப்பு பெரிசு. அதுதான் பீக்கன். அந்த நாட்டு ஆதிவாசி மக்களின் மொழியில் இருந்து வந்த பெயர் இது. 'கல்லால் உடைக்க வேண்டிய கொட்டை' என்று அர்த்தம். பருப்பில் நூற்றுக்கு 70 பங்கு எண்ணெய்ச் சத்து. இப்போது பெரிய ஊர்க் கடைகளில் பாதாம், பிஸ்தா பக்கத்தில் இதையும் டப்பாவில் வைத்து விற்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பீக்கன் மரத்துக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். அப்போதுதான் ஒழுங்காகப் பூத்துக் காய்க்கும். நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசம், காஷ்மீர், உத்தராகண்ட் மாதிரி மலைப் பகுதிகளில் கொஞ்சம் வளர்க்கிறார்கள். நம் ஊர்ச் சமவெளி வெயிலுக்கு இது ஒத்து வராது. "வெளிநாட்டு மரம், நட்டால் லட்சம் லட்சமாகக் கொட்டும்" என்று யாராவது கன்று விற்க வந்தால், குழுக் கடன் எடுத்து வாங்கி ஏமாந்துவிடாதீர்கள்.

உரலும் உலக்கையும்

வெள்ளைக்காரர்கள் போய் இறங்குவதற்கு ரொம்ப காலம் முன்பே அங்கே இருந்த ஆதிவாசி மக்களுக்கு இந்தக் கொட்டைகள் முக்கியமான உணவு. 1530-களில் அங்கே போய் மாட்டிக்கொண்ட ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவர், ஆற்றங்கரையில் பீக்கன் விழுகிற காலத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கி அதையே சாப்பிட்டு வாழ்ந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

செரோக்கி என்கிற மக்கள் செய்யும் 'கனூச்சி' என்ற உணவைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மரத்தைக் குடைந்து செய்த உரலில் ஹிக்கரிக் கொட்டையைப் போட்டு, நீளமான உலக்கையால் இடிப்பார்கள். எண்ணெய்ப் பசையில் அது ஒன்றாகச் சேர்ந்ததும் உருண்டை பிடித்து வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது உருண்டையைச் சுடு தண்ணீரில் கரைத்து, ஓட்டுத் துண்டுகளை வடிகட்டிவிட்டால் தேங்காய்ப் பால் மாதிரி வெள்ளையாகப் பால் கிடைக்கும். தடித்த ஓட்டில் இருந்து பருப்பைக் குத்திக் குத்தி எடுக்கிற வேலையே இல்லாமல் செய்துவிட்ட அறிவு அது.

ஒட்டுக்கட்டியவர் பெயர் அந்துவான்

காட்டில் தானாக முளைத்த பீக்கன் மரங்களில் ஒரு மரத்துக் காய் பெரிசு, இன்னொரு மரத்துக் காய் பொடிசு. நல்ல மரத்துக் கொட்டையை எடுத்து விதைத்தாலும் தாய் மரம் மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. நம் மாமரம் மாதிரிதான். அதனால் ஒட்டுக்கட்டினால்தான் வழி. ஆனால் பீக்கனை ஒட்டுக்கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அதை முதலில் நல்லபடியாகச் செய்து காட்டியவர் ஒரு அடிமை. லூசியானா மாநிலத்தில் ஓக் ஆலி என்ற கரும்புத் தோட்டம் இருந்தது. அங்கே தோட்ட வேலை பார்த்த அவர் பெயர் அந்துவான். 1846-47 குளிர்காலத்தில் அவர் 16 மரங்களை ஒட்டுக்கட்டி வளர்த்தார். பிறகு இன்னும் நிறைய மரங்களை அதே மாதிரி செய்தார். 1876-ல் பிலடெல்பியா நகரத்தில் நடந்த பெரிய கண்காட்சியில் அந்தக் கொட்டைக்குப் பாராட்டு கிடைத்தது. அந்த வகைக்கு 'சென்டினியல்', அதாவது நூற்றாண்டு என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்குத் தோப்புத் தோப்பாக இருக்கும் ஒட்டுப் பீக்கன் மரங்களுக்கு அதுதான் தொடக்கம்.

அவருடைய முழுப் பெயர் கூட எந்த ஏட்டிலும் இல்லை. 1848-ல் எடுத்த சொத்துக் கணக்கில் ஒட்டுக்கட்டுவதில் கெட்டிக்காரர் என்று குறித்து, 1,000 டாலர் என்று அவருக்கே விலை போட்டு வைத்திருக்கிறார்கள். வித்தை அவர் கையில் இருந்தது. அந்தக் கையே இன்னொருவர் சொத்தாக இருந்தது.

சான் அன்டோனியோ நகரத்துக் கொட்டகைகள்

அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. பீக்கன் வியாபாரம் வளர்ந்துகொண்டே போனது. டெக்சாஸ் மாநிலத்தில் பீக்கன் மரம் அதிகம். 1919-ல் அதைத் தங்கள் மாநில மரமாகவே அறிவித்தார்கள். 1930-களில் அந்த நாட்டுப் பீக்கனில் ஏறக்குறைய பாதி டெக்சாசில்தான் விளைந்தது. அங்கே இருக்கும் சான் அன்டோனியோ நகரம்தான் கொட்டை உடைக்கும் தொழிலுக்கு மையம்.

உடைத்தவர்கள் யார்? மெக்சிகோ நாட்டில் இருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பெண்கள். அமெரிக்காவிலேயே ரொம்பக் குறைந்த கூலி கிடைத்த வேலைகளில் இது ஒன்று. சதர்ன் பீக்கன் ஷெல்லிங் கம்பெனிதான் அங்கே பெரிய கம்பெனி. கம்பெனி கொட்டையைக் காண்டிராக்டர்களிடம் கொடுக்கும். அவர்கள் சின்னச் சின்னக் கொட்டகையில் பெண்களை உட்கார வைத்து உடைத்து, பருப்பைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

கொட்டகையில் வெளிச்சம் போதாது, காற்று வர வழியில்லை. கழிப்பிடம் கிடையாது, கை கழுவத் தொட்டி கூடக் கிடையாது. உடைக்கும்போது பழுப்புத் தூசி பறக்கும், அதையே நாள் முழுக்கச் சுவாசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சான் அன்டோனியோவில் லட்சம் பேருக்கு 148 பேர் காசநோயில் இறந்தார்கள். நாடு முழுவதற்கும் சராசரி 54 பேர்தான். வறுமையும் நெருக்கடியான வீடுகளும் காரணம் என்றாலும், இந்தத் தூசியும் ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். கொட்டை உடைக்கும் மிஷின் அப்போதே இருந்தது. ஆனால் மிஷின் வாங்கி ஓட்டுவதை விடப் பெண்களின் கை மலிவாகக் கிடைத்ததால் கம்பெனி கையையே பயன்படுத்தியது. கதையின் கடைசியில் இது ரொம்ப முக்கியமாக வரும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சென்ட் குறைந்தது

கூலி எப்படி என்றால், உடைத்து எடுத்த பருப்புக்கு மட்டும் பவுண்டு கணக்கு. ஒரு பவுண்டு என்பது கிட்டத்தட்ட 450 கிராம். பருப்பு உடையாமல் பாதிப் பாதியாக வந்தால் பவுண்டுக்கு 7 சென்ட். துண்டு துண்டாகப் போனால் 6 சென்ட். (இது நிலம் அளக்கிற சென்ட் இல்லை, அவர்கள் ஊர்க் காசு. 100 சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர்.) முந்திரியில் முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைசலுக்கு ஒரு விலை என்று பிரிக்கிறார்களே, அதே மாதிரிதான்.

1938 ஜனவரியில் இதிலும் ஒரு சென்ட் குறைத்தார்கள். 7 சென்ட் 6 ஆனது, 6 சென்ட் 5 ஆனது. ஒரு சென்ட்தானே என்று நமக்குத் தோன்றும். அவர்கள் வாரம் முழுக்க உழைத்து வாங்கியதே 2, 3 டாலர்தான். பவுண்டுக்கு 5 சென்ட் என்றால் 3 டாலர் சம்பாதிக்க 60 பவுண்டு, அதாவது 27 கிலோ பருப்பு எடுக்க வேண்டும். ஓட்டின் எடை கணக்கில் சேராது. அப்படிப்பட்ட கூலியில் ஆறில் ஒரு பங்கு போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

1938 ஜனவரி 31 அன்று பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் தங்களுக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது எம்மா டெனாயுகா என்ற பெண்ணை. வயசு 21. அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். அதற்கு முன்பே வேலை இல்லாதவர்களைத் திரட்டிப் போராடி, போலீஸ் கைதையும் பார்த்தவர்.

போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. நூற்றுக்கணக்கான பேரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். போராடியவர்களுக்காக நடத்திய கஞ்சித்தொட்டியைக் கூடச் சுகாதார விதியைக் காட்டி மூடினார்கள். எம்மா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்று சொல்லிப் போராட்டத்தையே கெட்டதாகக் காட்டப் பார்த்தார்கள். அதனால் சங்கத்தின் மேல்மட்டத்தில் இருந்தவர்கள் அவரை முன்னால் நிற்க வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். அப்போதும் அவர் பின்னால் இருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தார்.

37 நாள் ஆன பிறகு, இரண்டு தரப்பும் நடுவர் குழுவின் முடிவுக்குக் கட்டுப்பட ஒத்துக்கொண்டன. பெண்களின் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. அதுவரைக்கும் காண்டிராக்டர் சொன்னதுதான் கூலி. இனிமேல் சங்கத்தோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். இது பெரிய வெற்றி.

சட்டம் வந்தது, மிஷினும் வந்தது

அதே 1938 அக்டோபரில் அமெரிக்க அரசின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 25 சென்ட் கொடுக்க வேண்டும். வாரம் 44 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 11 டாலர். வாரம் 2, 3 டாலர் வாங்கிய பெண்ணுக்கு 11 டாலர்! எவ்வளவு சந்தோஷப்பட வேண்டிய செய்தி?

ஆனால் நடந்தது வேறு. அவ்வளவு கூலி கொடுப்பதற்குப் பதிலாக முதலாளிகள் மிஷினைக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச காலத்துக்கு இந்தத் தொழிலுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று கம்பெனியும் கேட்டது, வேலை போய்விடுமே என்று சங்கமும் கேட்டது. கிடைக்கவில்லை. அடுத்த மூன்று வருஷத்துக்குள் 10,000-க்கும் அதிகமான பேரின் வேலையை மிஷின் எடுத்துக்கொண்டது.

எம்மாவுக்கும் அந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. வெளியூர் போய்ப் படித்தார். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து ஆசிரியையாக வேலை பார்த்தார். 1999-ல் காலமானார். இன்றைக்கு அந்த ஊர் அவரைப் பெருமையாக நினைக்கிறது.

அப்போ கேட்காமலே இருந்திருக்கலாமா?

இதைப் படித்ததும் சிலருக்கு இந்தக் கேள்வி வரும். "கூலி கேட்டுப் போராடினாங்க, கடைசியில் வேலையே போச்சே. இருக்கிறதை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே?" நியாயமான கேள்விதான். பதிலை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

மிஷின் புதிதாக வரவில்லை, முன்பே இருந்தது. அதைத் தள்ளி வைத்திருந்தது பெண்களின் குறைந்த கூலி மட்டும்தான். கை மலிவு என்பதற்காக மட்டும் இருக்கிற வேலை, அதைவிட மலிவாக ஒன்று வந்த அன்றைக்குப் போய்விடும். நாம் கூலி கேட்டாலும் போகும், கேட்காவிட்டாலும் போகும். கேட்காமல் இருந்தால் அதுவரைக்கும் பட்டினியும் இருமலும்தான் மிச்சம்.

அந்தப் பெண்களிடம் ஒற்றுமை இருந்தது, தைரியம் இருந்தது. இல்லாமல் போனது இரண்டு: மாறிக்கொள்ள அவகாசமும், மிஷினில் ஒரு பங்கும். கொட்டை கம்பெனியுடையது, தராசு காண்டிராக்டருடையது, மிஷின் முதலாளியுடையது. பெண்களிடம் இருந்தது விரல்கள் மட்டும். ஒட்டுக்கட்டிய அந்துவானுக்கும் அதே நிலைமைதான்.

நாம் செய்யக்கூடியது என்ன?

1. மணிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 12 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் 10 கிலோ முடித்தால் 120 ரூபாய், மணிக்கு 15 ரூபாய். சரக்கு எடுக்கப் போகும் நேரம், பஸ் காசு, வீட்டில் உதவும் பிள்ளையின் நேரம் எல்லாம் சேர்த்தால் இன்னும் குறையும். கிலோ கணக்கில் பார்த்தால் தெரியாத நஷ்டம் மணிக் கணக்கில் பளிச்சென்று தெரியும். உங்கள் வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. தராசு யாருடையது? எடை போடும்போது நீங்கள் பார்க்கிறீர்களா? முழுசு, உடைசல் என்று பிரிப்பது யார்? குழுவுக்கு என்று ஒரு தராசும் ஒரு நோட்டும் இருந்தால், நாளைக்குப் பேச்சுவார்த்தையில் அந்த நோட்டுதான் நமக்குச் சாட்சி.

3. தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். மூக்கு வாயைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கை, முகம் கழுவுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முழுசாக மருந்து சாப்பிட்டால் குணமாகும் நோய் இது.

4. மிஷினைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். நீங்கள் கையால் செய்யும் வேலைக்கு மிஷின் இருக்கிறதா, விலை என்ன, எத்தனை பேர் வேலையை அது செய்யும் என்று விசாரியுங்கள். இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து பொதுவாக வாங்க முடியுமா என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் வையுங்கள். அவசரப்பட்டுக் கடன் எடுக்க வேண்டாம். சரக்கு வருஷம் முழுக்கக் கிடைக்குமா, வாங்குபவர் யார், ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பார், கரண்ட் செலவு எவ்வளவு, மிஷின் வந்தால் கை வேலையை இழக்கும் உறுப்பினருக்கு என்ன வேலை என்ற ஐந்து கேள்விக்கும் பதில் எழுதிய பிறகு முடிவு எடுங்கள்.

5. ஒரே வேலையை நம்பி இருக்காதீர்கள். சேமிப்பும் இன்னொரு கைத்தொழிலும் இருந்தால்தான் மாற்றம் வரும்போது அவகாசம் கிடைக்கும். அந்தப் பெண்களுக்குக் கிடைக்காத அந்த அவகாசத்தை நமக்குக் கொடுப்பது நம் குழுச் சேமிப்புதான்.

குழுக் கூட்டத்தில் பேச

- நம் குழுவில் கிலோ கணக்கு, எண்ணிக்கைக் கணக்குக் கூலிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவரவர் மணிக் கூலி எவ்வளவு வருகிறது?
- ஒரே ஏஜெண்டிடம் சரக்கு எடுக்கும் பக்கத்து ஊர்க் குழுக்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது? நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இருந்தால் ஏன்?
- நாளைக்கே மிஷின் வந்தால் நம்மில் யாருக்கு வேலை போகும்? அவருக்காகக் குழு இன்றைக்கே என்ன செய்து வைக்கலாம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் மூலம் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மணிக் கூலிக் கணக்கை எல்லாக் குழுக்களிலும் இருந்து வாங்கி, வேலை வாரியாகத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுவோம். எந்த ஊரில் எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்பது எல்லோருக்கும் தெரிந்தாலே, பாதிப் பேச்சுவார்த்தை முடிந்த மாதிரிதான்.

– உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்